தைலமேட்டுப் பாதையும் எங்கள் வாயும்

மே மாதத்து மூன்றாம் சனிக்கிழமை, நடை முடிந்து கல்லாற்றில் கூடியவர்களையும் அவர்கள் உட்கார்ந்த இடங்களையும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் இருந்த பாறைகளிலேயே பெரிய பாறையின் மேல், குழுத் தலைவர் என்ற முறையில், வெங்கடசுப்ரமணியன் சார். தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் வீடு. அதே பாறையின் நிழல் பக்கம் அவர் மனைவி அனந்தலக்ஷ்மி மாமி, மடியில் எலுமிச்சை சாதத் தூக்குடன். தட்டைக் கல்லில், முழங்கால் வரை தண்ணீரில் விட்டபடி, சாலை பஜாரில் மிளகும் ஏலமும் விற்கும் வன்னியபெருமாள் அண்ணாச்சி. அவர் பூர்விகம் திருநெல்வேலி. ஆற்றின் நடுவில் ஒரு சின்னக் கல்லில், கால் இரண்டையும் மடக்கி வைத்து, கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் ஜானவி. சாரின் தங்கை மகள். கரையோரத்து மரவேரில் நான், ஞானபாய், செயலாளர். எங்களுக்கு வழிகாட்டும் ஷிஜு மட்டும் உட்காரவில்லை. கரையில் நின்றுகொண்டு, கையில் இருந்த புல்லைக் கிள்ளிக் கிள்ளித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தான்.

ஷிஜு நின்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். ஆறு வருஷமாக அவனைப் பார்க்கிறேன்.

அவன் விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் குழுவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் சனிக்கிழமை நடைக்குழு. நடப்பதற்காகச் சேர்ந்தவர்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் நாங்கள் பேசுவதற்காகச் சேர்ந்தவர்கள். நான் படித்தது குழித்துறையில், தமிழ்ப் பள்ளிக்கூடம். முப்பது வருஷமாக வேலை பார்ப்பது தம்பானூரில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில். அங்கே மலையாளம், வீட்டில் பிள்ளைகளிடம் மலையாளம், பேப்பரில் இங்கிலீஷ். அண்ணாச்சிக்குக் கடையில் மலையாளம். சாருக்குத் தெருவில் தமிழ் உண்டு. ஆனால் தெருவில் உள்ள எல்லோருக்கும் அவர் பேச்சு ஏற்கெனவே தெரியும். ஆகவே ஒரு விஷயத்தைத் தமிழில் தொடங்கி, கிளை பிரித்து, இழுத்து, நடுவில் வேறொன்றுக்குப் போய், முதல் விஷயம் என்ன என்று மறந்துபோகிற சுகம் எங்களுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் வாய்க்கும்.

நடப்பது பல இடங்களில். ஆனால் மனசுக்குப் பிடித்தது தைலமேடுதான். கல்லாற்றுக்கு மேலே காட்டுக்குள் ஏறி, மரங்கள் முடிகிற இடத்தில் தலையை வெளியே நீட்டினால், கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். மரம் கிடையாது, வேலி கிடையாது. காற்று ஒரு பக்கமிருந்து தடவினால் மேடு முழுக்க வெளுக்கும். மறுபக்கம் தடவினால் பச்சை திரும்ப வரும். நடுநடுவே கறுத்த பாறைகள் யானைக்கூட்டம் படுத்த மாதிரி. அதற்கு ஊடே, மேட்டின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது பாதை. மேகம் இறங்கினால் பாதை மட்டும்தான் தெரியும்; மற்றதெல்லாம் பால்.

அந்தப் புல்லைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை. முன்காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் கூட்டமாக வந்து, அந்தப் புல்லை அறுத்துக் கீழே இறக்கி, ஆற்றோரத்தில் அடுப்பு போட்டுக் காய்ச்சித் தைலம் எடுத்தார்களாம். அவர்கள் நடந்த தடம்தான் இந்தப் பாதை என்று ஷிஜு சொல்வான். அவன் அம்மா அருமனைக்காரி. அம்மாவைப் பெற்றவர் அடுப்பில் விறகு தள்ளியவர். ஆனால் வெங்கடசுப்ரமணியன் சாருக்கு வேறு வரலாறு. ஒரு மகாராஜா ஜுரத்துக்குப் பிறகு காற்று வாங்க இந்த வழியாகப் பல்லக்கில் போனார் என்பார். எந்த மகாராஜா என்று கேட்டால், "எல்லா மகாராஜாவுக்கும் ஜுரம் வரும் ஓய்" என்பார்.

சரி, ஷிஜுவுக்கு வருகிறேன்.

"அக்கா, நான் ஒரு காரியம் சொல்லுகேன். ஆரும் கோவப்படப்பிடாது" என்றான்.

"சொல்லுடே. தண்ணிக்குள்ள கால வச்சிட்டு எவனுக்காவது கோவம் வருமா?" என்றார் அண்ணாச்சி.

"ரேஞ்சர் சார் வழிய அளந்துட்டுப் போனாரு. பண்டு ஒரு அடி அகலத்துலதான் இருந்தது, ஒரு ஆள் நடக்குற மட்டும். இப்போ மாட்டுவண்டி போகும். ரெண்டு சைடும் புல் செத்து, மழைக்கு மண்ணு கரஞ்சு ஒலிச்சுப் போவுது. இந்த மழையோட பாதைய பூட்டப் போறாராம். பின்னே திறக்கவே மாட்டாரு."

"யாராக்கும் இப்படிப் பண்ணினது?" என்று சார் பாறை மேலிருந்து கொதித்தார். "டூரிஸ்ட்டா? பிடிச்சு ஃபைன் போட வேண்டாமோ!"

ஷிஜு புல்லைக் கிள்ளினான். "டூரிஸ்ட்டு எல்லாம் காருல மேல போயி செல்ஃபி எடுத்துட்டு இறங்கும் சாரே. இந்த வழிக்கு வாடிக்கையா வருதது ஒரு கூட்டம்தான்."

மாமி தூக்கின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"நம்மளா?" என்றாள் ஜானவி. "ஈஸ்வரா."

ஷிஜு மெதுவாகச் சொன்னான். "நீங்க மூணு பேர், நாலு பேர் சேர்ந்து சேர்ந்து நடக்குவீங்க. பேசணும் அல்லே. ஒரு ஆள் பாதையில, மத்தவங்க புல்லுல. நான் பல தடவை சொல்லியாச்சு. சொல்லும்போ ஒத்தையா ஆவீங்க. ரெண்டு வளைவு கழிஞ்சா பின்னேயும் சேர்ந்துடுவீங்க."

இதில் மறுக்க ஒன்றுமில்லை. எனக்கே தெரியும். பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் எங்களில் யாருக்கும் பேச வராது.

அப்புறம்தான் அவன் சொந்தக் காரியத்தைச் சொன்னான். பாதை பூட்டினால் வழிகாட்டி வேலை இல்லை. அவன் மச்சான் கழக்கூட்டத்தில் ஒரு ஃப்ளாட்டுக்கு செக்யூரிட்டி வேலை பேசி வைத்திருக்கிறான். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்குவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நல்ல சம்பளம்தான் அக்கா. யூனிஃபார்ம் உண்டு. பக்ஷே நாள் முழுக்க ஒரு கேட்டத் திறந்து அடைக்கணும். திறந்தாலும் உள்ள போகப்பிடாது, வெளிய போகப்பிடாது. நான் அங்க கிடந்து சாவேன்."

அவன் கல்லாற்றில் பிறந்தவன். எந்தப் பாறையில் எப்போது வழுக்கும், எந்தப் புல்லில் அட்டை இருக்கும் என்பதெல்லாம் அவன் காலுக்குத் தெரியும். அந்தக் கால் ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறது, எங்கள் வாயால்.

எலுமிச்சை சாதம் அன்று மீந்து போனது.

செவ்வாய்க்கிழமை சாரும் நானும் வனத்துறையின் ரேஞ்ச் ஆபீஸுக்குப் போனோம். ரேஞ்சர் ஸ்ரீஜித் இளவயதுக்காரர், சாந்தமான முகம். நாங்கள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தோம்: தவறு எங்களுடையது, திருத்திக்கொள்கிறோம், ஒரு வாய்ப்பு தர வேண்டும். நான் அதைச் சொல்லி முடித்ததும் அவர் தலையாட்டினார். காரியம் பாதி ஆகிவிட்டது என்று நினைத்தேன். அப்போது சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"இருந்தாலும் ஒரு பாயிண்ட் சொல்லணும், கேட்டேளா. அந்தப் பாதை ஆதியிலேயே அகலம்தான். பல்லக்கு போன பாதை. ஒரு பல்லக்கைத் தூக்கறதுக்கு நாலு போகிகள், கூட குடை பிடிக்கறவன், சாமரம் போடறவன்..."

நான் மேஜைக்கு அடியில் அவர் செருப்பை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு சாமரத்தைத் தொடர்ந்தார்.

ரேஞ்சர் முழுவதும் கேட்டார். பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "சார், பல்லக்கு போன வழின்னா பிரஸ்னமில்ல. நீங்களும் பல்லக்குல வாங்க. காலு புல்லுல படாது."

பியூன் சிரித்துவிட்டுக் கதவுக்கு வெளியே ஓடினார். ஆனால் ரேஞ்சர் நல்லவர். ஜூன் முதல் சனிக்கிழமை தானே எங்களுடன் வருவதாகச் சொன்னார். அடிவாரத்திலிருந்து மேட்டு உச்சி வரை யாரும் பாதையை விட்டுக் கால் வைக்காமல் நடந்தால், பூட்டுவதைப் பற்றி மறுபடி யோசிப்பார். ஒரு கால் இறங்கினாலும் அன்றே கம்பிவேலி.

நடுவில் இருந்த அத்தனை நாளும் கிழக்கேகோட்டைத் தெருக்கள் எங்களைப் பார்த்து என்ன நினைத்தன என்று தெரியவில்லை. சாயங்காலம் ஆனதும் நாங்கள் ஐந்து பேரும் சார் வீட்டு வாசலில் வரிசையாக நின்று பழகத் தொடங்கினோம். முதல் நாள் மௌனம் என்று முடிவு. தெருமுனை வரை கடவுள் புண்ணியத்தில் போனோம். அங்கே ஒரு வீட்டில் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"இதென்ன நிறம்டி?" என்று சார் திரும்பி நின்றார்.

"கத்திரிக்காய் நிறம்னா. நடங்கோ" என்றார் மாமி.

"கத்திரிக்காய்ல எந்தக் கத்திரிக்காய்?"

அவ்வளவுதான். அண்ணாச்சி முன்னால் வந்தார், ஜானவி பக்கவாட்டில் வந்தாள், நாங்கள் ஐந்து பேரும் அந்தச் சுவருக்கு எதிரே அரைவட்டமாக நின்று கத்திரிக்காயில் இத்தனை ஜாதி உண்டா என்று பேசிக்கொண்டிருந்தோம். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துத்தான் எங்களைப் பிரித்தது.

மறுநாள் ஒரு கயிறு. எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். சார் கயிற்றைப் பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் வந்துவிட்டதில் மாமி கால் தடுக்கி விழப் பார்த்தார்.

"ஏங்க சாமி, முன்னால பாத்து நடந்தா என்ன? என் முதுகுல என்ன பரீட்சைத் தாளா ஒட்டியிருக்கு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"உம்ம முதுகைப் பாத்துண்டு பேசறதுக்கு நான் என்ன பஸ் கண்டக்டரா ஓய்? கேக்கறவன் முகத்துல ஒரு மறுமொழி தெரியணும். இல்லேன்னா சுவரோட பேசின மாதிரி."

ஜானவிதான் வழி கண்டுபிடித்தாள். எல்லோர் காதிலும் இயர்ஃபோன், எல்லோரையும் ஒரே போன் அழைப்பில் சேர்த்துவிடுவது. ஆபீஸ் மீட்டிங் மாதிரி. "முகம் காண வேண்டா மாமா. செவியிலெ கேக்கும்." பார்த்தால் அற்புதம். முன்னால் போகிறவரின் பேச்சு காதுக்குள்ளேயே கேட்டது. பத்மதீர்த்தக் குளத்தைச் சுற்றி வரிசை கலையாமல் வந்தோம். அண்ணாச்சி ஏலக்காய் விலையிலிருந்து தொடங்கி அவர் சித்தப்பா கல்யாணத்தில் நடந்த சண்டை வரை சொல்லி முடித்தார். மாமி சிரித்த சிரிப்பு என் காதைத் துளைத்தது. ஷிஜுவுக்கு நானே போன் செய்து, கவலைப்படாதே, காரியம் கைகூடிவிட்டது என்றேன்.

"எந்த வழியில அக்கா?"

சொன்னேன்.

"அக்கா, மேட்டுல போனுக்கு ரேஞ்சு கிடையாது" என்றான்.

ஆறு வருஷம் அங்கே போய் வந்தவர்கள் ஐந்து பேர். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. மேட்டில் போன் எடுக்குமா என்று நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. பேச ஆள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. மழை முந்தின இரவே தொடங்கிவிட்டது. காலையில் தூறல். கல்லாற்றில் தண்ணீர் நிறம் மாறி, நாங்கள் உட்காரும் பாறைகளில் பாதி மூழ்கியிருந்தன. ஷிஜு மச்சானுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று தள்ளி வைத்திருந்தான். பாதை தொடங்கும் இடத்தில் ரேஞ்சர் மழைக்கோட்டில் நின்றார். பக்கத்தில் தார்ப்பாயின் கீழ் வட்டக் கூடைகள் ஐந்து இருந்தன, எல்லாவற்றிலும் வேரும் மண்ணுமாகப் பெயர்த்த புல்.

"செத்த இடத்துல நட்டு வைக்க" என்றார் ரேஞ்சர். "சுமக்க ஆள் வரல. மழை. சரி, அது பின்னே. நீங்க நடங்க."

நடந்தோம். முதலில் ஷிஜு, பிறகு சார், மாமி, அண்ணாச்சி, ஜானவி, நான். கடைசியில் ரேஞ்சர். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. காட்டுக்குள் நன்றாகவே போனது. இரண்டு பக்கமும் முள், இறங்க இடமில்லை. மரங்கள் முடிந்தன. மேடு திறந்தது. மேகம் பிளந்து, மழையில் கழுவிய புல் முழுவதும் ஒரே நேரத்தில் வெயிலில் பளபளத்தது. கீழே தூரத்தில், ஒருநாளும் தெரியாத ஒரு வெள்ளைக் கோடு. கடலோ, மேகமோ.

"அடியே, கடல்டி! கடல் தெரியறது பாரு!" என்று சார் திரும்பினார். மாமிக்குக் காட்டுவதற்காக ஓர் எட்டு பக்கவாட்டில் வைத்தார். அது கடல் அல்ல, மேகம்தான் என்று சொல்ல அண்ணாச்சியும் இறங்கினார். போட்டோ எடுக்க ஜானவி இறங்கினாள். நான் மட்டும் இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். எல்லோரையும் திரும்ப ஏற்றுவதற்காக நானும் புல்லில்தான் நின்றேன்.

ரேஞ்சர் திட்டவில்லை. "மதி, போதும்" என்றார். அவ்வளவுதான்.

ஷிஜு முன்னால் நின்றவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி, தண்ணீரை உதறி, மறுபடி போட்டுக்கொண்டான்.

திரும்பி அடிவாரத்துக்கு வந்தோம். சார் குனிந்து செருப்பில் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். மாமிதான் பேசினார், ரேஞ்சரிடம் நேராக.

"சார், பாதையை நீங்க பூட்டிக்கோங்கோ. நாங்க நாசம் பண்ணினது நிஜம். ஆனா இந்தப் புல்லு வெயில் வந்தா வாடிடும். ஆள் வரலேன்னேளே. நாங்க அஞ்சு பேர் இருக்கோம், கூடையும் அஞ்சு இருக்கு. மேலே கொண்டு வெச்சுட்டுப் போயிடறோம். அதுக்காவது விடுங்கோ."

ரேஞ்சர் எங்களையும் கூடைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "கஷ்டமா இருக்கும் அம்மா. மண்ணு நனஞ்சு கனம்."

"குடம் சுமந்த இடுப்புதான்" என்று மாமி ஒரு கூடையை இடுப்பில் ஏற்றினார். பத்தடி போவதற்குள் கூடை சரிந்து பாதி மண் புடவையில் கொட்டியது.

"இடுப்பு ஆகாது மாமி, தலையில வைக்கணும்" என்றார் அண்ணாச்சி. பஜாரில் வாழ்நாளெல்லாம் மூட்டை இறங்குவதைப் பார்த்தவர் அவர். தோளில் கிடந்த துண்டை முறுக்கி வளையமாகச் சுருட்டி மாமி தலையில் சும்மாடு வைத்துக் கூடையை ஏற்றினார். "கையால லேசாப் பிடிச்சா போதும். கழுத்த மட்டும் திருப்பாதீக."

அண்ணாச்சிக்கும் எனக்கும் என் துப்பட்டாவைக் கிழித்தோம். ஜானவி அவளுடைய ஜாக்கெட்டைச் சுருட்டினாள். சாருக்கு அங்கவஸ்திரம் இருந்தது. அதைத் தலையில் சுருட்டி, மேலே புல்கூடையுடன் அவர் நின்றபோது, ஜானவி போட்டோ எடுக்கப் போனாள். கை இரண்டும் கூடையில் இருந்ததால் முடியவில்லை.

மறுபடி ஏறினோம். இந்த முறை ஒருவரும் வரிசையைப் பற்றி நினைக்கவில்லை, அதுதான் தோற்றுப்போயிற்றே. மௌனமும் தேவையில்லை. மரங்கள் முடிகிற இடத்தில் சார் ஆரம்பித்தார்.

"அனந்தம், கேக்கறதாடி?"

"கேக்கறது. சொல்லுங்கோ."

"என் தலையில என்னமோ ஊர்றது."

"புல்லுல இருக்கற பூச்சியாயிருக்கும். உங்களுக்கு முடியே இல்லையே, என்ன பண்ணிடப் போறது?"

பின்னாலிருந்து அண்ணாச்சி: "சாமி, அது அட்டையா இருந்தா நல்லதுல்லா. கெட்ட ரத்தம் எறங்கிரும்."

"உம்ம மாதிரி வியாபாரிகளுக்குத்தான் ஓய் கெட்ட ரத்தம்!"

"இங்கன மிளகு கிலோ என்ன விலை விக்குது தெரியுமா? அப்புறம் ரத்தம் எப்படி நல்லாருக்கும்?"

மிளகு விலையிலிருந்து ஜானவியின் மானேஜருக்குப் போனோம், மானேஜரிலிருந்து கல்யாணத்துக்கு, கல்யாணத்திலிருந்து எந்தக் கல்யாணத்தில் பாயசம் நன்றாக இருந்தது என்பதற்கு. நான் குழித்துறையில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றி உரக்கச் சொன்னேன். முன்னால் யார் முகமும் தெரியவில்லை. கூடைகளுக்குப் பின்னால் கூடைகள். எல்லாவற்றிலும் புல் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் என் கதையில் பந்தல் சரிந்த கட்டத்தில் முன்னால் நான்கு கூடைகளும் குலுங்கின. சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. மறுமொழிக்கு அது போதுமாக இருந்தது.

கழுத்தைத் திருப்பினால் கூடை போய்விடும். பக்கவாட்டில் கால் வைத்தால் கூடை சரியும். பாதையின் நடுவில் மழை அரித்த பள்ளம் ஒரு காலடி அகலத்துக்குத்தான் கெட்டியாக இருந்தது. கனத்தோடு நடக்கிற கால் தானாகவே அதைத் தேடிப் போனது. பள்ளத்தின் இரு கரையும் வழுக்கல். ஒரு வளைவில் சார் நின்றார்.

"ஷிஜு! இந்தத் திருப்பத்துல எப்படிடா பல்லக்கு போயிருக்கும்?"

"போயிருக்காது சாரே."

"போயிருக்காதுதான்" என்றார் சார், கூடைக்கு அடியிலிருந்து. கொஞ்ச தூரம் நடந்தார். "இது சுமட்டுக்காரா பாதைடா. சுமை தலையில இருந்தா இதுக்கு மேல அகலம் வேண்டாம்."

"நான் அதத்தான் ஆறு வருஷமாச் சொல்லுதது."

"சொன்னே. நான் பேசிண்டிருந்தேனோல்லியோ, காதுல விழல்லே."

உச்சிப் பாறைக்கு வந்து கூடைகளை இறக்கினபோதுதான் ரேஞ்சர் எங்களுடன் வரவில்லை என்று கவனித்தோம். அவர் வெகுதூரம் பின்னால், குனிந்தும் நிமிர்ந்தும் வந்துகொண்டிருந்தார். புல்லின் ஓரத்தை இரு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். மேலே வந்ததும் மழைக்கோட்டுப் பித்தானை அவிழ்த்து மூச்சு வாங்கினார்.

"ஒரு காலு கூட புல்லுல இல்ல" என்றார். "ஒரு காலு. அதும் இந்த மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு. ஞான் கீழேருந்து கேட்டு வந்தேன், பந்தல் விழுந்தது வரெ."

ஷிஜு பாறையில் கை வைத்தபடி அவர் முகத்தையே பார்த்தான்.

ரேஞ்சர் யோசித்தார். யோசிக்கிறவரை இடைமறிக்கக் கூடாது என்று நான் அண்ணாச்சியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். கடைசியில் சொன்னார்: மழைக்காலம் முடியும் வரை இந்தப் பாதைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் தலையில் ஒரு கூடைப் புல்லோடுதான் ஏற வேண்டும். கூடை இல்லாதவருக்கு அனுமதி இல்லை. சுமப்பதைச் சரிபார்த்து முன்னால் நடப்பது ஷிஜுவின் பொறுப்பு. அவன் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. ஓரங்கள் மூடி வந்தால் பாதை திறந்தே இருக்கும். இதைக் குழுவின் உறுதிமொழியாக எழுதி அனுப்ப வேண்டும்.

"இப்பவே எழுதித் தந்துடறேன்" என்று நான் பையைத் திறந்தேன்.

"கையில வாங்க மாட்டேன் மேடம். தபாலில் வரணும். அப்போதான் ஆபீஸுல நம்பர் விழும். நம்பர் விழுந்தாதான் ஞான் ஆர்டர் போட முடியும்."

புல்லை நட்டுவிட்டு இறங்கினோம். வெறுந்தலையோடு இறங்கும்போதும் ஒருவரும் வரிசையை விட்டு விலகவில்லை. சார் மட்டும் இரண்டு முறை அங்கவஸ்திரத்தைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார். பேச வசதியாக இருக்கிறதாம்.

கடிதத்தை ஷிஜு வீட்டு முன்னறையில் வைத்து எழுதினோம். அவன் மனைவி பால் விடாத கட்டன்சாயாவும் அவித்த மரவள்ளிக் கப்பையும் கொண்டுவந்து வைத்தாள். மொழி மலையாளம், ஆபீஸுக்காக. ஜானவி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் வரியிலேயே சண்டை.

"பாதையின் வரலாறு ஒரு பாரா வேணும்" என்றார் சார்.

"பல்லக்கா மாமா?" என்றாள் ஜானவி.

"தைலமாக்கும், புல்லாக்கும், சும்மாடாக்கும்! அறுத்தவா, சுமந்தவா, காய்ச்சினவா. நான் சொல்றேன், எழுது."

"ஒரு பாராதான் சாமி, ஒரு பாரா. இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரி நீட்டாதீக" என்றார் அண்ணாச்சி.

சார் மூன்று பாரா சொன்னார். நான் ஒன்றாகச் சுருக்கினேன். அதில் 'அருமனையிலிருந்து வந்தவர்கள்' என்று வந்த இடத்தில் ஷிஜுவின் மனைவி எட்டிப் பார்த்து, "அது எங்க மாமியாரோட அப்பாவாக்கும், பேரு எழுதலாமா?" என்று கேட்டாள். எழுதினோம். அதற்குப் பிறகு நிபந்தனைகளை வரிசைப்படி எழுதினேன். 'வழிகாட்டி ஷிஜு முன்னால் நடப்பார்' என்ற வரியை ஜானவி இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். ஷிஜு வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் உள்ளே இருந்தது.

அப்போது அவன் போன் அடித்தது. மச்சான். ஷிஜு எங்களைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான்.

"அளியா, நான் வரல்ல. இல்ல. அந்த யூனிஃபார்ம் வேற ஆருக்காவது தச்சுக் கொடு" என்றான். மறுபக்கம் ஏதோ கத்தியது. "ஆர்டர் வந்தாச்சான்னு கேட்டா? வரும் அளியா. லெட்டர் இப்போ ஒட்டப் போறோம்."

"ஏ மக்கா, ஆர்டர் வராம இருந்தா?" என்று அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

"அக்காவோட கையெழுத்தப் பாருங்க அண்ணாச்சி. இதப் பாத்துட்டு நம்பர் போடாதவன் உண்டா?"

கையெழுத்து போடும்போது மாமி தன் பெயரைத் தமிழில் போட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் தமிழிலேயே போட்டோம். சார் பெயர் நீளம். ஒரு வரி பிடித்தது. ஜானவி தமிழில் பெயர் எழுதிப் பழக்கமில்லை என்று பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டு மேலே பேனாவால் இழுத்தாள். ஷிஜுவுக்கும் ஓர் இடம் விட்டிருந்தேன். அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து போட்டான்.

உறைக்குள் வைத்து, வீட்டில் பசை இல்லாததால், மீந்த கப்பையை மசித்து ஓரத்தில் தடவி ஒட்டினேன். திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகிற வழியில் தபால் நிலையத்தில் இறங்கினேன். பதிவுத் தபால் ஜன்னலில் இருந்தவர் உறையைத் திருப்பிப் பார்த்தார், ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். நன்றாகப் பிடித்திருந்தது. முத்திரை குத்தி, ரசீதை என் பக்கம் தள்ளிவிட்டு, கடிதத்தைப் பின்னால் இருந்த பைக்குள் போட்டார்.